கைபேசிப் படங்கள் கணினியில் தோன்றாமை

வயலில் எடுத்த நோயுற்ற பயிரின் படங்களைக் கணினிக்கு மாற்ற முற்படுங்கால், கைபேசியில் மின்னேற்றம் நடைபெறுகிறது. கணினித் திரையிலோ ஒன்றும் தோன்றுவதில்லை. முதற்கண் ஐயுறத்தக்கது இணைப்பு வடமே. யு.எஸ்.பி. 2.0 வடத்தினுள் நான்கு கம்பிகள் உள: மின்சாரத்திற்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. மலிவான சில வடங்களில் பின்னவை இரண்டும் இருப்பதே இல்லை. புறத்தோற்றத்தால் இதனை அறியவும் இயலாது! வடம் செம்மையாயின், ஆண்ட்ராய்டு கைபேசியின் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஏனெனில் பெரும்பாலான கைபேசிகள் இணைத்தவுடன் மின்னேற்றத்தை மட்டுமே அனுமதிக்கின்றன. படங்களை நகர்த்தாது நகலெடுப்பதே நன்று. இடையில் வடம் கழன்றால் கோப்பு அரைகுறையாய் நின்றுவிடும். அறுவடையான வயலை மீண்டும் படமெடுக்க முடியாதாகையால், நகல்களைக் கணினியில் திறந்து பார்த்த பின்னரே கைபேசியில் உள்ளவற்றை அழித்தல் வேண்டும்.