பசுவின் வயிற்றைக் காக்கும் அமிலம்

கல்யாண வீட்டிலும் கோயில் விருந்திலும் மிஞ்சிய சோற்றைப் பசுவுக்கு வயிறு நிறையக் கொட்டுவது பல ஊர்களில் வழக்கம். மறுநாளே பசு தீனி எடுக்காமல் படுத்துவிடுகிறது. சில சமயம் இறந்தும் போகிறது. வீணாகக் கூடாதென்று போட்ட சோறு நஞ்சாவது ஏன்?

பசு தின்னும் நார்ச்சத்தைச் செரிக்க வைப்பவை அதன் முதல் வயிறான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே. அவ்வயிற்று நீர் ஒரு மில்லியில் சுமார் 1,000 கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. இவை வைக்கோல், தட்டை, பசும்புல் ஆகியவற்றை மெல்ல நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் ஆகிய அமிலங்களைத் தருகின்றன. பசுவுக்குத் தேவையான எரிசக்தியில் சுமார் 70 சதவீதம் இவ்வமிலங்களிலிருந்தே கிடைக்கிறது.

இவற்றில் பியூட்ரிக் அமிலம் வயிற்றுச் சுவருக்கே உணவாகிறது. ஆட்டுக் குடலைக் கழுவியவர்கள் பூந்துவாலை போன்ற உட்சுவரைப் பார்த்திருப்பார்கள். அச்சுவர் வளர்வதற்கு இந்த அமிலம் துணை செய்கிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கும் இதுவே முக்கிய எரிபொருள். குடல் அழற்சியை இது தணிப்பதாகவும், கிருமிகள் ஊடுருவாதபடி சுவரை இறுக்குவதாகவும் சோதனைச்சாலை ஆய்வுகள் காட்டுகின்றன.

சோறு, அரிசி, மாவு ஆகியவற்றை ஒரேயடியாகப் போட்டால் நிலைமை தலைகீழாகிறது. மாவுச்சத்து விரைவில் நொதித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. வழக்கமாக 6 முதல் 7 வரை இருக்கும் வயிற்றின் கார அமில நிலை 5-க்கும் கீழே இறங்கலாம். நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றுச் சுவர் வெந்து அழற்சி அடைகிறது. அதன் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்து ஈரலில் சீழ்க்கட்டி உண்டாக்கும், குளம்பும் பாதிக்கப்படும்.

தீனி எடுக்காமை, அசைபோடாமை, புளித்த நாற்றமுள்ள கழிச்சல், தள்ளாட்டம் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோர்ந்து கிடக்கும் பசுவின் வாயில் எதையும் வலிந்து ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குச் சென்றுவிடும்.

வராமல் தடுக்க:

1. உலர் எடைக் கணக்கில், தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு வைக்கோல், தட்டை, பசுந்தீவனமாக இருக்கட்டும்.

2. அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல், பிரித்துக் கொடுங்கள்.

3. புதிய தீவனத்துக்குப் பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள்.

4. தட்டையைப் பொடியாக்காமல் ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். பசு நன்றாக அசைபோட்டால்தான் உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள சோடா உப்பு வயிற்றின் புளிப்பை முறிக்கும்.

5. அரிசி, மாவு மூட்டைகளைப் பசு எட்டாத இடத்தில் வையுங்கள். விருந்துச் சோற்றைக் குவியலாகக் கொட்டாதீர்கள்.

பசுவுக்குப் போடும் தீனி, அதன் வயிற்று நுண்ணுயிர்களுக்குப் போடும் தீனி. வைக்கோலைக் குறைத்துச் சோற்றைக் கூட்டுவது மிச்சமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே இரவில் கறவை மாட்டையே இழக்க நேரிடும்.