பழைய ஹெரால்டுக்குப் புது உயிர்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: 1961இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். கவனமாகப் புதுப்பியுங்கள்.

• கழற்றும் போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள்.

• லேத் பட்டறையில் சிலிண்டர் தேய்மானத்தை அளந்த பிறகே பிஸ்டன் வாங்குங்கள்.

• கடற்காற்றும் இரு பருவமழையும் துருவை வளர்க்கும். கால்மிதியைத் தூக்கி, தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொத்தலானால் வெட்டியெடுத்துப் புதுத்தகடு வெல்டு செய்யுங்கள். பட்டி பூசி மறைக்காதீர்கள்.

• வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிடுங்கள்.

• 50 வயது கடந்த காருக்கு விண்டேஜ் பதிவு உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜினை மாற்றியமைக்காதீர்கள்.