பாம்புக் குட்டி ஏன் சாப்பிடவில்லை?



இந்த மாதச் சுவர் இதழுக்கு அறிவியல் கட்டுரை எழுத என்னைத்தான் டீச்சர் தேர்ந்தெடுத்தார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "நீ செஞ்சதையே எழுது. அதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கு?" என்றார். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மையை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வாய்க்கால் கரையிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓடி வந்தான். உள்ளே இரண்டு பாம்புக் குட்டிகள். ஒவ்வொன்றும் என் புதுப் பென்சில் நீளம்தான், ஆனால் அதைவிட ஒல்லி. மண் பொந்து பக்கத்தில் கிழிந்த முட்டைத் தோல் நிறையக் கிடந்ததாம். உடம்பில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி, கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு. "தண்ணிப் பாம்புதான் அக்கா, விஷம் இல்ல. நாம வளக்கலாம்" என்றான். அம்மாவிடம் சொல்லாமல், நெல் மூட்டைக்குப் பின்னால் நான்தான் ஒளித்து வைத்தேன்.

முதல் நாள் ஒரு மூடியில் பால் வைத்தோம். தொடவில்லை. இரண்டாம் நாள் சோறும், அம்மா வறுத்த நெத்திலிக் கருவாடும் போட்டோம். எறும்புதான் வந்தது. மூன்றாம் நாள் தம்பி ஒரு தவளையைப் பிடித்துப் போட்டான். தவளை பாம்புகளின் தலையைவிட நான்கு மடங்கு பெரிது. குட்டிகள் பயந்து பாட்டிலின் ஓரத்தில் சுருண்டு கொண்டன. நான்காம் நாளும் பட்டினி. தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. "செத்துப் போயிடும் அக்கா" என்றான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு குட்டியின் வாயை ஈர்க்குச்சியால் மெல்லத் திறந்து, இங்க் ஃபில்லரால் நாலு சொட்டுப் பால் விட்டேன். விழுங்கியது போலத்தான் இருந்தது. ரொம்ப சந்தோஷப்பட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் அது மல்லாந்து கிடந்தது. இன்னொன்றின் கண் இரண்டும் நீலம் பூத்து மங்கலாக இருந்தது. அதுவும் சாகப்போகிறது என்று நினைத்து, பாட்டிலைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தேன்.

டீச்சர் முதலில் நன்றாகத் திட்டினார். "இது தண்ணிப் பாம்புன்னு உனக்கு யாரு சொன்னா? கட்டுவிரியன் குட்டியா இருந்திருந்தா? விஷப் பாம்போட குட்டிக்கு முட்டையை விட்டு வரும்போதே விஷம் உண்டு, தெரியுமா?" என்றார். பிறகு வனத்துறைக்குப் போன் செய்தார். அவர்கள் வருவதற்குள் எங்களை உட்கார வைத்து, பாம்புக் குட்டி ஏன் சாப்பிடவில்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அதைக் கீழே தருகிறேன்.

காரணம் 1: அதற்குப் பசியே இல்லை

முட்டைக்குள் இருக்கும்போது பாம்புக் குட்டிக்கு மஞ்சள் கருதான் உணவு. வெளியே வருவதற்குமுன் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக் கொள்ளும். அம்மா கட்டிக் கொடுத்த சோற்று மூட்டை மாதிரி அது சில நாட்களுக்கு வரும். பெரும்பாலான பாம்புக் குட்டிகள் முதல் முறை சட்டை உரித்த பிறகுதான் இரை தேடும். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சட்டை உரிப்பதற்கு முன்னால் கண் நீலம் பூத்தது போல மங்கும். நாங்கள் நோய் என்று பயந்தது அதைத்தான்! அந்த நேரத்தில் கண் சரியாகத் தெரியாததால் பெரிய பாம்புகூட இரையைத் தொடாது.

காரணம் 2: சூடு போதவில்லை

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும் பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. பாம்பு குளிர் இரத்தப் பிராணி. வெயிலிலும் சூடான மண்ணிலும் கிடந்துதான் உடம்பைச் சூடாக்கிக் கொள்ளும். சூடு இருந்தால்தான் செரிக்கும். குளிரில் கிடக்கும் பாம்பு இரை எடுக்காது, எடுத்தாலும் கக்கிவிடும். நாங்கள் வைத்திருந்த மூலையில் வெயிலே படாது.

இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. உடம்பைச் சூடாக்க உணவு செலவாகாததால் பாம்பு பல நாள் பட்டினியைத் தாங்கும். தண்ணீர்தான் முக்கியம். நாங்களோ பால் வைத்தோம், தண்ணீர் வைக்கவில்லை.

காரணம் 3: ஒளிய இடம் இல்லை

கண்ணாடி பாட்டிலில் நாலாபக்கமும் எங்கள் முகம்தான் தெரியும். தம்பி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டித் தட்டிப் பார்ப்பான். பாம்புக்குக் காது மடல் இல்லாவிட்டாலும் அதிர்வு நன்றாகத் தெரியும். குட்டிப் பாம்பைக் காக்கை, கொக்கு, கீரி எல்லாம் தின்னும். அதனால் மறைவு இல்லாத இடத்தில் அதற்கு உயிர்ப்பயம்தான் இருக்கும், பசி வராது.

காரணம் 4: இரை தப்பு

பாம்பு சோறு, கருவாடு தின்னாது. நாக்கை நீட்டி நீட்டி வாசனையைப் பிடித்து, தன் இரைதானா என்று தெரிந்து கொண்டுதான் பிடிக்கும். தண்ணிப் பாம்புக் குட்டிக்குத் தலைப்பிரட்டை, பொடி மீன், சின்னத் தவளை இவைதான் இரை. மெல்லவும் தெரியாது, முழுசாகத்தான் விழுங்கும். குட்டிப் பாம்புக்குக் கொடுக்கும் இரை அதன் உடம்பின் பருமனான இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு.

வெளிநாட்டில் எப்படி?

சில நாடுகளில் சட்டப்படியே பாம்பு வளர்க்கிறார்கள். அங்கேயும் குட்டி சாப்பிடாததுதான் பெரிய தலைவலியாம்.

அமெரிக்காவில் கார்ன் ஸ்னேக் என்று ஒரு பாம்பு. வளர்ப்பவர்கள் அதற்குப் பிறந்த எலிக்குஞ்சு தருவார்கள். ஆனால் காட்டில் இதன் குட்டிகள் ஓணான் வகைகளையும் மரத்தவளையையும் தின்பவை. எலி வாசனை பிடிக்காமல் சில குட்டிகள் திரும்பியே பார்க்காது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எலிக்குஞ்சின் மேல் ஓணான் வாசனையைத் தேய்த்து வைப்பார்கள். குட்டி ஏமாந்து விழுங்கிவிடும்!

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் என்று இன்னொரு பாம்பு. பெயரைப் பார்த்து பால் குடிக்கும் என்று நினைக்காதீர்கள். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு கொள்வதால் அந்தப் பெயர். இடம் மாறினால் இது வாரக் கணக்கில் சாப்பிடாது. அனுபவம் உள்ளவர்கள் அதைத் தொந்தரவு செய்யாமல் சூடு, மறைவு, தண்ணீர் மூன்றையும் சரி பார்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். ரொம்ப மெலிந்தால்தான் மருத்துவரிடம் கொண்டு போவார்கள்.

சாப்பிட்டாலும் பிரச்சினை வரும். கார்ட்டர் ஸ்னேக் என்ற பாம்புக்குச் சிலர் தங்கமீனை மட்டுமே போடுவார்கள். தங்கமீனில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். நாம் பாடத்தில் படித்தோமே, பி1 குறைந்தால் மனிதனுக்குப் பெரிபெரி என்று? அதே வைட்டமின் குறைவால் பாம்புக்கு நரம்பு கெட்டு வலிப்பு வரும்.

அப்படியானால் முதல் குட்டி ஏன் செத்தது?

இதை நான் கடைசியாகத்தான் கேட்டேன். கேட்கப் பயமாக இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பாம்புக்கு மூச்சுக்குழல் திறப்பு வாயோட அடித்தளத்துல, முன்பக்கமே இருக்கும். இரை விழுங்கும்போதும் மூச்சு விடணும் இல்லையா, அதுக்காக. நீ விட்ட பால் வயித்துக்குப் போயிருக்காது. பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போயிருக்கும்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குட்டி பட்டினியால் சாகவில்லை. அதன் வயிற்றில் சாப்பாடு இருந்தது. நான் பாவம் பார்த்து ஊட்டியதால்தான் செத்தது. புற்றில் பால் ஊற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் பால் பாம்பின் உணவு என்று நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதே இல்லை. பால் பாலூட்டிகளின் குட்டிக்கு உரிய உணவு. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், பாலையும் குடிக்கும். ஆனால் அது செரிக்காது.

மிச்சம் இருந்த குட்டியை வனத்துறை அண்ணன் பார்த்து, தண்ணிப் பாம்புதான் என்று உறுதி செய்தார். எடுத்த இடத்திலேயே விடச் சொன்னார். சாயங்காலம் டீச்சர், தம்பி, நான் எல்லோரும் வாய்க்காலுக்குப் போனோம். பாட்டிலைச் சாய்த்ததும் குட்டி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு நாக்கை இரண்டு தரம் நீட்டியது. அப்புறம் கோரைக்குள் போய்விட்டது. செத்த குட்டியை முருங்கை மரத்தடியில் தம்பி புதைத்தான். அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். விழுந்த அடியை இங்கே எழுதவில்லை!

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. எந்தப் பாம்பையும், குட்டியாக இருந்தாலும், கையால் தொடாதீர்கள். விஷப் பாம்பா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்ல நமக்குத் தெரியாது.

2. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாமல் உடனே 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

3. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

4. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தள்ளி நின்று, அது போகும் இடத்தைப் பார்த்துக் கொண்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

5. எந்தப் பிராணி சாப்பிடாவிட்டாலும், அணில் குஞ்சோ பறவைக் குஞ்சோ, வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். முதலில் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி நேரம் (விடை கட்டுரையிலேயே இருக்கிறது)

அ) பாம்பின் கண் நீலம் பூத்தால் என்ன பொருள்?
ஆ) பாம்பு நம்மைவிட அதிக நாள் பட்டினி தாங்குவது ஏன்?
இ) தங்கமீனில் உள்ள எந்த நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது?

மூன்றுக்கும் விடை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுப்பவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி