பெருநாளுக்கு ஃபெஸ்ஸிலேயே இரு

அன்புள்ள மருமகளே,

பக்ரீத் விடுமுறைக்குத் தோழிகளோடு மராக்கெஷ் கிளம்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், ஃபெஸ்ஸிலேயே இரு. அந்த வாரம் ரயிலிலும் பஸ்ஸிலும் நெரிசல் தாங்காது; பெருநாள் வந்துவிட்டால் கடைகளும் சாத்திக் கிடக்கும். அரபு படிக்க மொராக்கோவுக்கு அவ்வளவு தூரம் போனவள், ஊரே வீட்டுக்குள் கூடியிருக்கும் நாளில் ஓட்டலில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்?

நான் காஸாபிளாங்காவில் வேலை பார்த்தபோது, பெருநாளுக்கு முன்னால் தெருமுனைகளில் பையன்கள் கரியும் வைக்கோலும் விற்பார்கள். பக்கத்திலேயே ஒருவர் கத்தி சாணை பிடிப்பார். மொட்டைமாடியில் கட்டிய ஆடு ராத்திரியெல்லாம் கத்தும். உடம்பு வெள்ளை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, முறுக்கிய கொம்பு என்று சர்தி இனக் கிடா வாங்கிவிட்டால் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடாது. விலையை மட்டும் நீயாகக் கேட்காதே. கடன்பட்டு ஆடு வாங்குகிறவர்கள் அங்கே நிறைய. 2025-ல் வறட்சியில் மந்தைகள் குறைந்துபோய், அந்த வருஷம் ஆடு அறுக்க வேண்டாம் என்று அரசர் ஆறாம் முகமதே மக்களைக் கேட்டுக்கொண்டார். 1996-ல் அவருடைய தந்தை இரண்டாம் ஹசனும் அப்படித்தான் கேட்டார்.

தொழுகை முடிந்ததும் பல வீடுகளில் முற்றத்திலேயே அறுப்பார்கள். பார்க்க முடியவில்லையா, அடுப்படிக்குப் போய்விடு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். போனைத் தூக்கிப் படம் எடுக்காதே, அதுதான் தப்பு. முதலில் ஈரல். அதைக் கரியில் லேசாக வாட்டி, துண்டு போட்டு, சவ்வுக் கொழுப்பைச் சுற்றி, கம்பியில் கோத்து மறுபடி சுடுவார்கள். பூல்ஃபாஃப் என்பார்கள். நீ சைவம் என்பதை, நீ தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடு. தட்டை நீட்டிய பிறகு சொன்னால் அவருக்குச் சங்கடம்.

அப்புறம், விருந்தாளி மாதிரி உட்காராதே. வெங்காயம் நறுக்கு, டீ கிளாஸ் கழுவு. அடுப்படியில் பெண்கள் பேசும் தாரிஜா, அதாவது அந்த ஊர்ப் பேச்சு அரபு, உன் வகுப்பு அரபுபோல் இருக்காது. முதலில் பாதிகூடப் பிடிபடாது. கூச்சப்படாமல் திரும்பக் கேள். வேலை மும்முரத்தில் யாரும் உன் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். வருகிறவர்களுக்கு "அவாஷெர் மப்ரூகா" என்று நீயே முந்திக்கொள். கூம்புச் சர்க்கரைக் கட்டி ஒன்று முன்னதாகவே வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்துவிடு; அங்கே அது மரியாதை.

சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் போடு. ஆட்டுக் கதையெல்லாம் வேண்டாம், வயிறாரச் சாப்பிட்டாயா என்பதை மட்டும் சொல்.

அன்புடன்,
மாமா