செம்பனையின் அடியில் ஒரு காளான்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களைப் பார்க்காத மாணவர்கள் குறைவு. அங்கே சில வேளைகளில் ஒருவர் குறிப்பேட்டுடன் நிரை நிரையாக நடப்பார். ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் அடியையும் பார்ப்பார். சில மரங்களில் சாயத்தால் குறியிடுவார். குலைகளை எண்ணுகிறார் என்று நினைப்போம். ஆனால், அவர் தேடுவது ஒரு காளானாகவும் இருக்கலாம்.

அதன் பெயர் கானோடெர்மா போனினென்ஸ். அது உண்டாக்கும் நோய் அடித்தண்டு அழுகல். நம் நாட்டுச் செம்பனைக்கு மிகப் பெரிய இழப்பைத் தரும் நோய் இதுதான்.

நோய் பரவும் விதம்

இந்தப் பூஞ்சை மண்ணில் புதைந்து கிடக்கும் பழைய அடிக்கட்டைகளிலும் வேர்களிலும் வாழ்கிறது. புதிய மரத்தின் வேர் அவற்றைத் தொடும்போது உள்ளே நுழைகிறது. காற்றில் பறக்கும் அதன் நுண்வித்துகளாலும் நோய் பரவும். மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை அது சிதைக்கிறது. அதனால் தண்ணீரும் சத்தும் மேலே ஏறுவது தடைப்படுகிறது.

மலாயாவில் செம்பனையில் இந்நோய் 1931ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. அப்போது முதிய மரங்களில் மட்டுமே காணப்பட்டதால் அது பெரிய நோயாகக் கருதப்படவில்லை. பின்னர், தென்னையோ செம்பனையோ இருந்த நிலத்தில் மறுநடவு செய்தபோது இளைய மரங்களும் சாயத் தொடங்கின. மண்ணுக்குள் விடப்பட்ட பழைய கட்டைகள் இதற்கு முக்கியக் காரணம்.

மூன்று அடையாளங்கள்

1. உச்சி: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும்.

2. மட்டை: கீழ் மட்டைகள் ஒடிந்து, பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கும்.

3. அடி: முதலில் வெள்ளைப் பொத்தான் போன்ற காளான் தோன்றும். பிறகு அது பழுப்பு நிற மேற்புறமும் வெள்ளை விளிம்பும் கொண்ட தட்டாக வளரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வளர்ந்த மரத்தில் மட்டைகள் நோயைக் காட்டும்போது, அடித்தண்டின் உட்புறத்தில் ஏறத்தாழ பாதி அழுகிப் போயிருக்கும். பச்சையாக நிற்கும் மரம் எல்லாம் நலமான மரம் அல்ல.

ஒன்றைக் கண்டு முடிவு செய்யலாமா?

கூடாது. கடும் வறட்சியிலும் குருத்துகள் விரியாமல் நிற்கும். ஆனால், வறட்சி அந்தப் பகுதியின் மரங்களைப் பொதுவாகப் பாதிக்கும். கானோடெர்மாவோ இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கி, பக்கத்து மரங்களுக்குப் பரவும். மக்னீசியம் குறைந்தாலும் மட்டை மஞ்சளாகும். அப்போது வெயில் படும் இலைகள் மஞ்சளாகி, நிழலில் உள்ளவை பச்சையாகவே இருக்கும். எனவே, அடையாளத்தோடு அது எங்கெங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் ஒவ்வொரு மரமும்?

கோதுமை, நெல் வயல்களில் பல லட்சம் செடிகள் இருக்கும். அதனால் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சில இடங்களில் மட்டும் செடிகளைச் சோதிப்பார்கள். செம்பனை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 140 மரங்கள்தான். ஒரு மரம் விழுந்தால் பல ஆண்டு விளைச்சல் போய்விடும். ஆகவே எல்லா மரங்களையும் பார்த்து, வரைபடத்தில் குறித்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்கிறார்கள்.

1,000 மரங்களில் முதல் சுற்றில் 12 மரங்களுக்கும் அடுத்த சுற்றில் மொத்தம் 18 மரங்களுக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். 1.2 விழுக்காடு 1.8 ஆகிவிட்டது. சுற்றுக்குச் சுற்று எழுதி வைத்தால்தான் இந்த ஏற்றம் தெரியும்.

நோயுற்ற மரத்தை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அடியில் மண் அணைத்தால் மரம் மேலும் சில காலம் நிற்கும். மறுநடவின்போது நோயுற்ற அடிக்கட்டையையும் வேர்களையும் தோண்டி எடுக்க வேண்டும். எங்கே தோண்டுவது என்பதைக் காட்டுவது அந்த வரைபடம்தான். இன்று டுரோன் படங்களைக் கொண்டும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனாலும், தோட்டத்தில் நடந்து பார்த்து எழுதிய கணக்கு இல்லாமல் அந்தப் படங்களைச் சரிபார்க்க முடியாது.

செய்து பாருங்கள்: மரங்களைச் சமபக்க முக்கோண வடிவில் 9 மீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு மரத்திற்குரிய பரப்பு 9 × 9 × 0.866 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். எத்தனை மரங்கள் நடலாம்?