சுருள்வில்லைத் துருவினின்று காத்தல்

சங்கத்தின் பொதுக் கருவிகளில் கண்ணுக்குச் சிறிதாயும் வேலைக்குப் பெரிதாயும் உள்ள உறுப்பு, ஸ்பிரிங் என்னும் சுருள்வில்லாகும். டிராக்டரில் பூட்டும் கல்டிவேட்டர் கலப்பையின் கொழு, கல்லிலோ வேரிலோ மோதினால் பின்வாங்கி மீண்டும் மண்ணில் இறங்கும்படி செய்வது இதுவே. தொங்குதராசில் எடையைக் காட்டுவதும் இதுவே.

சென்ற ஆண்டு நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்தில், விதைப்புக்கு ஈரம் பதமாயிருந்த நாளில், சங்கக் கலப்பையின் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒடிந்து கிடந்தன. "இத்தனை கனமான இரும்பு இப்படியா ஒடியும், ஐயா?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். முந்திய பருவத்தில் கலப்பையைச் சேறு கழுவாமல், பொட்டாஷ் உர மூட்டைகளின் அருகே விட்டிருந்தனர். மாற்று ஸ்பிரிங் வருவதற்குள் ஈரம் போயிற்று; முறைக்குக் காத்திருந்த அங்கத்தினர் நஷ்டமுற்றனர்.

இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். உப்புச் சேர்ந்தால் அது விரைவுபடும். பொட்டாஷ் உரமும் ஓர் உப்பே. ஸ்பிரிங்கில் துரு அரித்த சிறு குழியிலே விசை வந்து குவிகின்றது. பல்லாயிரம் தடவை அமுங்கி நிமிருங்கால், அக்குழியினின்று வெடிப்புப் பரவி, ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடிந்துவிடும்.

தராசில் விளையும் தீமை வேறு. ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே விட்டம் நூற்றுக்கு 2 பங்கு தேய்ந்தால், விறைப்பு ஏறக்குறைய 8 பங்கு குறையும். தளர்ந்த ஸ்பிரிங் அதிகமாக நீளுவதால், 100 கிலோ சரக்கு 108 கிலோவாகத் தோன்றும். இதனால் பண நஷ்டத்தோடு நம்பிக்கையும் கெடும்.

தொழிற்சாலைகளில் ஸ்பிரிங்குக்குத் துத்தநாகப் பூச்சு இடுவதுண்டு. கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்தால் செம்பு அரிபடாது என்று ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் 1824ஆம் ஆண்டில் காட்டினார். அவ்வாறே துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆனால் திராவகத்தில் கழுவும்போதும் மின்சாரத்தால் பூச்சிடும்போதும் ஹைட்ரஜன் வாயு எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். அதனை வெளியேற்றவே, பூச்சிட்டவுடன் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைக்கின்றனர். அத்தகைய வசதி நம்மிடம் இல்லாமையால், துரு நீக்கத் திராவகம் தொடலாகாது.

கலப்பையைப் பொறுத்து நாம் செய்யவேண்டுவன:

1. வேலை முடிந்த அன்றே நல்ல நீரால் கழுவித் துடைத்து, வெயிலில் நன்கு உலர்த்துக.

2. இலேசான துருவை மண்ணெண்ணெய் தடவித் தேய்த்து நீக்குக.

3. உலர்ந்தபின், சுருள்களின் இடைகளிலும் முனைகளிலும் கிரீஸ் பூசுக. ஈரத்தின்மேல் பூசினால் பயனில்லை.

4. உர மூட்டைகளுக்கு விலகி, தரையினின்று உயர்த்தி வைக்க.

5. குழி விழுந்த ஸ்பிரிங்கை மாற்றுக. ஒடிந்ததை வெல்டிங் செய்யற்க. அச்சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும்.

தராசையோ நாமே பிரிக்காமல், ஈரம் படாது வைத்து, உரிய காலத்தில் பரிசோதித்து முத்திரை இடுவித்தல் வேண்டும்.

இவற்றுக்கு வேண்டுவது அரைமணி உழைப்பும் சிறிது கிரீஸுமே. கருவியைத் திருப்பித் தருபவர் அதன் நிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று. எல்லோருக்கும் உரிய பொருள், ஒருவரும் பொறுப்பேற்காத பொருளாகலாகாது.