பவர் கண்டிஷனர் வாங்கலாமா?

ஃபிரீசர், பில் போடும் கணினி, எலக்ட்ரானிக் தராசு என்று நம் கடைகளில் மின் சாதனங்கள் பெருகிவிட்டன. இவற்றைக் காப்பாற்றும் என்று சொல்லி, ஒலிபெருக்கிச் சாதனங்களுக்கு விற்கப்படுவதைப் போன்ற விலை உயர்ந்த பவர் கண்டிஷனர்களை விற்பனையாளர்கள் நம்மிடமும் கொண்டு வருகிறார்கள். முதலை முடக்கும் முன் கணக்குப் பார்ப்பது வணிகர்களுக்குப் புதிதல்ல. அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

1. குறை எது? மின்சாரத்தில் வரும் குறைகள் நான்கு வகை. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் வேண்டும். இடி, மின்னலால் வரும் திடீர் எழுச்சிக்கு சர்ஜ் புரொடெக்டர். கம்பியில் கலந்துவரும் இரைச்சலுக்கு ஃபில்டர். மின்வெட்டுக்கு பேட்டரியுள்ள யு.பி.எஸ். கண்டிஷனர்களில் பல, இரைச்சலையும் எழுச்சியையும் மட்டுமே தடுப்பவை. குறைந்த மின்னழுத்தத்தால் ஃபிரீசர் கம்ப்ரசர் சூடேறி எரிவதை அவை தடுக்கா.

2. அளந்து பாருங்கள். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். வயர்மேனிடம் மல்டிமீட்டர் கொடுத்து, ஒரு வாரம் காலை, மாலை, இரவு அளந்து குறித்து வையுங்கள். 216 முதல் 244 வரை நின்றால் ஸ்டெபிலைசருக்கு அவசரமில்லை. கணினியின் லேபிளில் 100-240 என்றிருந்தால் அது சிறு ஏற்ற இறக்கத்தைத் தானே தாங்கிக்கொள்ளும்.

3. எர்த், நியூட்ரல் முதலில். த்ரீ ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் சாதனத்துக்கு 400 வோல்ட்டை நெருங்கி மின்சாரம் பாயலாம். சில விளக்குகள் மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் உடனே மெயினை அணைத்து வயர்மேனை அழையுங்கள். எர்த் சரியில்லாத கடையில் சர்ஜ் புரொடெக்டரும் முழுப் பயன் தராது. இதைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் கண்டிஷனரின் விலையில் சிறு பகுதியே.

4. ஓட்டச் செலவு. ஒரு கருவி தானே 60 வாட் விழுங்கினால், இரவு பகலாக ஓடும்போது நாளுக்கு 1.44 யூனிட், ஆண்டுக்கு ஏறக்குறைய 525 யூனிட். விலையோடு இதையும் கூட்டுங்கள். வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்கள் கடைக்கென வாங்கும் கருவியின் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம்; காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு அது இல்லை.

5. விற்பவரிடம் கேட்க வேண்டியவை. எத்தனை வோல்ட் வரை சரிசெய்யும்? கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்குமா? பயன் தெரியாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஃபிரீசர் ஒன்று நின்றால் அதிலுள்ள சரக்கும் போகும். ஆகவே காப்பு தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அளந்து கண்ட குறைக்கு ஏற்ற கருவியை வாங்குவோம். குறையே இல்லாத கடையில் கண்டிஷனருக்குப் போடும் பணம், கல்லாவில் இருப்பதே மேல்.